புத்தோ பும்பொங் பெட்டியைப் பழுதுபார்த்த கதை

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியபோது உள்ளே இரண்டு பல்லி முட்டைகளும் சுருண்டுபோன செய்தித்தாளும் கைப்பிடி அளவு துருவும் இருந்தன. ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், எட்டு அங்குல உயரம் கொண்ட தகரப் பெட்டி. மேலே கனத்த மரப்பலகை மூடி, அதில் வரிசையாக மூன்று துளைகள். பெட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் துளைகளில் மூங்கில் குழல்களைச் செருகி நிறுத்தினால், ஆவி குழலுக்குள் ஏறி மாவை வேகவைக்கும். பெட்டிக்கு லன்சுங்கான் என்று பெயர். குழலில் வேகும் பண்டம் புத்தோ பும்பொங், பிலிப்பைன்ஸின் கிறிஸ்துமஸ் காலப் புட்டு. பும்பொங் என்றால் மூங்கில் குழல்தான்.

நான் மார்த்தாண்டத்துக்காரன். புட்டுக் குழலைப் பார்த்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? எங்கள் பாட்டி வீட்டில் கயிறு சுற்றிய மூங்கில் குழல் ஒன்று நெடுநாள் இருந்தது. அந்தத் தெம்பில்தான் ‘இதை நான் சரிசெய்து தருகிறேன்’ என்று அக்டோபர் மாதம் மாமியாரிடம் வாய்விட்டேன். வந்த தொல்லையில் பாதி அந்தத் தெம்பினால் வந்தது என்பது டிசம்பரில் விளங்கியது.

இடம் பிலிப்பைன்ஸில் பம்பங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோ. எனக்குக் கிளார்க் என்ற இடத்தில் வேலை. பதினான்கு ஆண்டுகளாக மனைவியின் ஊரே என் ஊர். கிறிஸ்துமஸ் இங்கே செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். கடைகளில் பாட்டு ஒலிக்கும், வீட்டு வாசல்களில் பருல் என்கிற நட்சத்திர விளக்குகள் ஏறும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன் திருப்பலி உண்டு. சிம்பாங் கபி என்பார்கள். உழவர்கள் வயலுக்குப் போகுமுன் கோவிலுக்கு வந்துபோக ஏற்பட்ட வழக்கம். பூசை முடிந்து வெளியே வந்தால் இருட்டில் கரியடுப்புகள் கனன்றுகொண்டிருக்கும். பிபிங்கா என்ற அரிசி அப்பம், சலாபத் என்ற இஞ்சிப் பானம், ஊதா நிறத்தில் புத்தோ பும்பொங்.

என் மனைவியின் பாட்டி இதை வீட்டிலேயே செய்தவர். பம்பங்கா மொழியில் தாத்தாவும் பாட்டியும் ‘அப்பு’தான். அப்புவின் வீடு பகோலோரில் இருந்தது. 1991 ஜூனில் பினதூபோ எரிமலை வெடித்தபோது அந்த வீடு சாம்பலோடு தப்பியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலைச்சரிவில் கிடந்த சாம்பலும் மணலும் சேறாகக் கரைந்து இறங்கின. லஹார் என்பது அதன் பெயர். 1995 அக்டோபரில் வந்த லஹார் பகோலோரைப் புதைத்தது. அங்குள்ள சான் கியெர்மோ கோவில் இன்றும் பாதி உயரம் மண்ணுக்குள் நிற்கிறது. ஒருகாலத்தில் சன்னலாக இருந்த இடங்கள் இப்போது வாசல்கள். அப்பு வீட்டைவிட்டு இறங்கியபோது எடுத்துக்கொண்டவை குழந்தை இயேசு சிலை, அரைமூட்டை அரிசி, இந்தத் தகரப் பெட்டி. ‘பெட்டிக்குள் பாத்திரங்களைப் போட்டுத் தூக்கலாம் என்றுதான் எடுத்தாள், வேறு காரணம் கிடையாது’ என்பார் மாமியார். வீட்டில் மற்ற எல்லோரும் இதைக் காவியமாகச் சொல்வார்கள்.

அப்பு போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த மூன்று டிசம்பரும் கோவில் வாசலில் வாங்கித்தான் தின்றோம். பதினொரு வயதான என் மகளுக்குப் புத்தோ பும்பொங் என்றால் பளீரென்ற கத்திரிப்பூ நிறம்.

முதலில் பெட்டி. அடித்தகடு மூன்று இடங்களில் ஓட்டை. மூலைகளில் பற்றவைப்பு விட்டிருந்தது. லத்தேரோ என்று இங்கே சொல்லும் தகரக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் கார் நசுங்கல் எடுப்பவர். அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டு எவர்சில்வர் தகடு வைக்கலாம் என்றார். ஈயம் கலந்த பற்று வேண்டாம், சாப்பாட்டுக்கு ஆவி தரும் பெட்டி என்றதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஈயமில்லாத வெள்ளீயப் பற்றுக்கம்பியை அவரே தேடி வாங்கிவந்தார். அது உருகுவதற்குச் சூடு கூடுதலாக வேண்டும், தகடு நெளியும் என்று எச்சரித்தார். ஒரு மூலை நெளியத்தான் செய்தது. தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்ததில் ஒழுகவில்லை.

சுவர்களின் உட்பக்கம் பழுப்பேறி அசிங்கமாக இருந்தது. உப்புத்தாள் எடுத்து ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடிப்பலகை வெடித்திருந்தது. அதே கனத்தில் புதிய பலகை அறுத்துப் பழைய பலகையை மேலே வைத்துத் துளைகளைக் குறித்துக்கொண்டேன். துளை சற்றுக் குவிந்து இறங்க வேண்டும், குழல் தக்கை மாதிரி உட்கார வேண்டும். அரைவட்ட அரத்தால் ராவி ராவிக் கொண்டுவந்தேன்.

குழல்களில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அதுவும் கீறல் விட்டது. ஆனால் மாதிரிக்கு அது போதும். ஆறரை அங்குல நீளம். உள்விட்டம் வாயில் ஒன்றேகால் அங்குலம், அடியில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். அடியில் கணுவை விட்டுவைத்து நடுவில் சுண்டுவிரல் நுழையும் துளை போட்டிருந்தார்கள். கணுதான் அடித்தட்டு, அந்தத் துளை ஆவிக்கு வழி. நம் புட்டுக் குழலில் சில்லு செய்கிற வேலையை இங்கே மூங்கிலே செய்துகொள்கிறது. வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதால், வெந்ததும் குழலைக் கவிழ்த்துத் தட்டினால் முழுசாக வழுக்கி வரும். மூங்கிலைத் தலைகீழாக வெட்டினால் வராது. நான் வெட்டிய முதல் நான்கும் தலைகீழ்.

பச்சை மூங்கில் உலரும்போது வெடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் உப்புநீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, உட்சவ்வை இரும்புக் கம்பியால் சுரண்டி எடுத்து, நிழலில் தொங்கவிட்டேன். பன்னிரண்டில் ஏழு தேறின. கைசுடாமல் பிடிக்கவும் சூடு தங்கவும் கெட்டிப் பருத்தித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்தார் மாமியார்.

அரிசிதான் அலைய வைத்தது. இதற்கு உரியது பிரூருத்தோங் என்ற கரு ஊதா ஒட்டரிசி. எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கூடுதல். அதனால்தான் கடைக்காரர்களில் பலர் மலக்கித் என்கிற வெள்ளை ஒட்டரிசியில் ஊதாப் பொடியைக் கலந்துவிடுகிறார்கள். மூன்று சந்தைகள் சுற்றி நான்கு கிலோ பிடித்தேன். ஒரு பங்கு பிரூருத்தோங்குக்கு மூன்று பங்கு மலக்கித் என்பது வீட்டு அளவு. இரண்டையும் தனித்தனியாக ஊறவைக்க வேண்டும், ஏனென்றால் தவிடு போகாத கறுப்பு அரிசி மெல்லத்தான் ஊறும். ஊறிய நீரைக் கொட்டாமல் அதையே விட்டு அரைக்க வேண்டும்; நிறமெல்லாம் தவிட்டில், தவிட்டு நிறமெல்லாம் அந்த நீரில். அரைத்த மாவைத் துணிப்பையில் கட்டிக் கல்லை ஏற்றி நீரைப் பிழிந்து, மறுநாள் உதிர்த்துச் சலிக்க வேண்டும்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிசம்பர் 15 இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

16ஆம் தேதி, அதிகாலை 2.30 மணி. அடுப்பு மூட்டி, பெட்டியில் தண்ணீர் நிறைத்து, மூடியைச் சுற்றி அரிசிமாவுப் பசையால் அடைத்தேன் (தம் பிரியாணி அறிவு). மாமியார் சிரித்துவிட்டு, ஈரத்துணிப் பட்டையைச் சுற்றிக் கட்டினார். புட்டுக்குச் செய்வதுபோல மாவை விரலால் லேசாக அமர்த்திக் குழலை நிரப்பினேன். பத்து நிமிடம் கழித்துக் கவிழ்த்தால் வரவில்லை. ஈர்க்குச்சியால் நெம்பியதில் அடியில் கோந்து, நடுவில் பச்சை மாவு, மேலே நனைந்த பொடி. திருப்பலிக்கு நேரமாகிவிட்டது. வரும் வழியில் வாங்கித் தின்றோம்.

17 அன்றும் அதே கோந்து. 18 அன்று ‘ஈரம் கூடிப்போனது’ என்று நானே தீர்ப்பு எழுதி, மாவை வெயிலில் காயவைத்திருந்தேன். குழலிலிருந்து மணல் கொட்டியது.

அன்று காலை மாமியாரிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டேன்: ‘இமா, நாற்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். அப்பு என்னதான் செய்தார்?’

‘நான் எங்கே பார்த்தேன்? நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்காருவேன், புகை கண்ணில் படும் என்று.’

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. துருவுபலகையில் உட்கார்ந்தால் அவர் கை ஓர் அசைவில் கண்ணாடி மாதிரி சிரட்டையை வழித்துவிடும். வெள்ளைத் துருவலில் ஒரு பழுப்புத் துணுக்கு விழாது. அந்த வேலை மட்டும்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் அவருடையது. மாவு என் மனைவியின் அக்காளுடையது. தண்ணீரும் நெருப்பும் மாமியாரின் தம்பியுடையவை. குழலை அப்பு யாரிடமும் கொடுத்ததில்லை. வீடே கூடிச் செய்த பண்டம், ஆனால் முழுவதையும் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மூன்று டிசம்பராக ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அக்காள் துபாயில் செவிலியாக இருக்கிறார். மூத்த சகோதரியை இங்கே ‘ஆச்சி’ என்பார்கள். எங்கள் ஊரில் ஆச்சி என்றால் பாட்டி. அவரிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு கண். இரவுப்பணி முடித்து வந்தவரை வீடியோ அழைப்பில் பிடித்தோம்.

‘மாவைக் காட்டு. இன்னும் பக்கத்தில். பிடி பார்க்கலாம். உதிர். ஐயோ, இது பவுடர்!’

பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இது நம் புட்டு மாவுக்கும் உள்ள பதம்தான். ஆச்சி சொன்னதில் இரண்டு விஷயங்கள் எனக்குப் புதியவை. கல்லை ஏற்றிய பையை நள்ளிரவில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும்; இல்லாவிட்டால் கீழ்ப்பக்கம் ஈரமும் மேல்பக்கம் வறட்சியுமாக இரண்டு மாவு கிடைக்கும். இரண்டாவது, குழலில் மாவை அமர்த்தவே கூடாது. ‘தூவி விடு. குழலைத் தரையில் தட்டக்கூடாது.’ யோசித்தால் நியாயம் புரிகிறது. புட்டுக்கு வறுத்த பச்சரிசி மாவு. அமர்த்தினாலும் மணிமணியாக நின்று ஆவிக்கு இடம் விடும். இது ஒட்டரிசி. சூடு பட்டதும் ஒன்றோடொன்று பசையாகிக் கதவைச் சாத்திக்கொள்கிறது, ஆவி மேலே ஏற வழியில்லை. மார்த்தாண்டத்துக் கைப்பழக்கம்தான் இங்கே எனக்குப் பகையாக இருந்திருக்கிறது.

20ஆம் தேதி மாவு சரியாக வந்தது, நடுவும் மேலும் வெந்தன. அடியில் ஓர் அங்குலம் மட்டும் அதே கோந்து.

அன்று மாமியாரின் தம்பியைக் கூப்பிட்டோம். அவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் பாபா. அறுபத்தேழு வயது, அதிகம் பேசமாட்டார். வந்து உட்கார்ந்து சலாபத் குடித்தார். கொதிக்கும் பெட்டியருகே காதை வைத்துக் கேட்டார்.

‘குளத்தில் எருமை இறங்குவதுபோல் சத்தம் வருகிறது. தண்ணீர் எவ்வளவு விட்டாய்?’

‘நிறைய.’

‘கோடு வரைக்குமா?’

‘எந்தக் கோடு?’

மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப்பார்த்தார். உள்ளே சுவர் பளபளவென்று இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். ‘துருக்கோடு எங்கே?’

நாற்பது டிசம்பராக ஒரே அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, பெட்டியின் உட்சுவரில் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்ததாம். அதுதான் அளவுகோல். கோட்டுக்கு மேல் போனால் கொதிக்கும் தண்ணீர் துள்ளிக் குழலின் அடித்துளைக்குள் தெறிக்கும். மாவின் அடிப்பாகம் வேகாமல் குழையும். கோட்டுக்குக் கீழே போனால் இரண்டு ஈட்டுக்குள் தண்ணீர் வற்றி அடித்தகடு காயும். பாபாவுக்கு அங்குலக் கணக்குத் தெரியாது. பார்த்து ஊற்றுவார், அவ்வளவுதான். அந்தக் கோட்டைத்தான் நான் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தேய்த்து எடுத்திருக்கிறேன்.

வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமியார் மட்டும், ‘சுத்தமாக இருக்கிறது, அதுவரை நல்லது’ என்றார்.

என்னைக் காப்பாற்றியது தகரக்காரருக்கு அனுப்ப எடுத்திருந்த படம். ஓட்டையைக் காட்டுவதற்காகப் பெட்டியின் உட்புறத்தைக் கைபேசியில் எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது, சுவரில் பாதிக்கும் கீழே, மங்கலாக ஆனால் நேராக ஒரு கோடு. பெட்டியின் உயரம் தெரியும்; படத்தில் அளந்து வகுத்ததில் அடியிலிருந்து மூன்று அங்குலமும் கொஞ்சமும். பாபா விரல்களை உள்ளே விட்டுப் பார்த்து, ‘நான்கு விரல், ஆம்’ என்றார். ஆணியால் நான்கு சுவரிலும் கீறிவைத்தேன்.

21ஆம் தேதி கீறல் வரைக்கும் தண்ணீர். கொதி வந்ததும் பெட்டியின் சத்தம் மாறியிருந்தது. குமிழி அடிக்கும் ஓசை அடங்கி, மூன்று துளைகளிலும் சீரான ஒரு சீற்றம். குழல்களை நிறுத்திச் சிறிது நேரத்தில் வாயில் ஆவி நூல்போல் எழுந்து, பிறகு கனத்தது. முதல் குழலைத் துணியோடு பிடித்துத் தூக்கி, வாட்டிய வாழையிலைமேல் கவிழ்த்து, பக்கவாட்டில் இரண்டு தட்டு. பாதி வந்து பாதி ஒட்டிக்கொண்டது. என் முகம் போனதைப் பார்த்து மாமியார் சொன்னார்: ‘முதல் ஈடு எப்போதும் அப்படித்தான், குழலுக்குச் சூடேற வேண்டும். அம்மா முதல் ஈட்டை நின்றுகொண்டே தின்றுவிடுவாள்.’ இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். துருவுபலகையிலிருந்து தலையைத் திருப்பினால் அது மட்டும் தெரியுமாம்.

இரண்டாவது ஈடு வழுக்கி விழுந்தது. கட்டைவிரல் கனத்தில் நீளமான உருளை, மேலே ஈரப் பளபளப்பு. விழுந்தவுடன் லேசாக ஆடி அடங்கியது. சூடு ஆறுமுன் மார்ஜரின் தடவி, மஸ்கோவாடோ சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் தூவினோம். மஸ்கோவாடோ நம் நாட்டுச் சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. மார்ஜரின் உருகிச் சர்க்கரையைக் கரைத்து இலையில் பழுப்பாக ஓடியது. கடித்தால் இழுக்கிறது. பிரூருத்தோங்கின் மணம் அரிசி மணம்தான், ஆனால் கருகாத தவிட்டின் வாசனை ஒன்று பின்னால் வருகிறது. கடைப் பண்டத்தில் அது இருக்காது.

மகள் பார்த்துவிட்டு, ‘கலர் தப்பு’ என்றாள்.

அவள் சொன்னது சரி. சாம்பலும் ஊதாவும் கலந்த, நாவல்பழக் கறை துவைத்து மிஞ்சியதுபோன்ற நிறம். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கறுப்பு அரிசியின் சாயம் காரத்தன்மையில் நீலத்துக்குச் சாயும், புளிப்பில் சிவக்கும். ஊறிய நீரைக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்துக் கலமான்சி எலுமிச்சையைப் பிழிந்து காட்டினேன், கண்ணெதிரே செம்மை ஏறியது. அதை ரசித்தாள். பண்டத்தின் நிறத்தை மன்னிக்கவில்லை.

மாமியார் அலமாரியிலிருந்து ஊதாப் பொடி டப்பாவை எடுத்து வைத்தார். ‘பிள்ளைக்கு ஒரு சிட்டிகை போடு.’ எனக்கு வந்ததே கோபம். மூன்று சந்தை அலைந்து, கோந்து தின்று, கோட்டை அழித்து மீட்டு, இப்போது சாயப்பொடியா? அப்பு இதைத் தொட்டிருப்பாரா என்று கேட்டேன்.

‘ஏன் தொடமாட்டாள்? லஹார் வந்த வருடங்களில் கறுப்பு அரிசிக்கு எங்கே போவது? வெள்ளையில் பொடி போட்டுத்தான் செய்தாள். பெட்டி இருந்ததே, அது போதும் என்பாள்.’

அப்புவைவிட அதிகமாக அப்புவாக நான் நடந்துகொண்டிருந்தேன் என்று அப்போது பட்டது. 22, 23 இரண்டு நாளும் இரண்டு கிண்ண மாவு: ஒன்று சாம்பல் ஊதா, ஒன்று பளீர் ஊதா. கண்ணை மூடித் தின்றால் இரண்டையும் எல்லோரும் மாற்றிச் சொன்னார்கள், மகளைத் தவிர.

24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்து நோச்சே புவேனா விருந்து. ஹாம், சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி, பான்சித் நூடுல்ஸ், பழக்கலவை எல்லாம் வழக்கம்போல. அதைப் பற்றி எழுத எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை, நான் அடுப்படியிலேயே இருந்தேன். பாபா தண்ணீரும் கரியும். துபாய் ஆச்சி கைபேசியில், தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைக்கப்பட்டு, மாவைப் பற்றி இடைவிடாத விமரிசனம். மாமியார் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் துருவுபலகையைத் தூக்கி அடுப்பைப் பார்த்தமாதிரி திருப்பிப் போட்டேன். புகை என்று ஐந்து நிமிடம் திட்டினார், பிறகு இருந்துவிட்டார். மகள் குழலைப் பிடித்தாள். அவள் தட்டுவது என்னைவிட மென்மை. குழலை இலையில் முட்டாமல் மணிக்கட்டை மட்டும் சொடுக்குகிறாள். நாற்பத்தாறு உருளைகளில் ஐந்துதான் உடைந்தன. உடைந்ததை அவளே நின்றுகொண்டு தின்றாள்.

இனி செய்ய வேண்டியவை. ஜனவரி கடைசியில் குழல்களை எடுத்துப் பார்த்தேன். ஏழில் மூன்றில் குண்டூசித் துளைகள், தட்டினால் மாவுபோலத் தூள். மூங்கிலைத் துளைக்கும் வண்டு. நான் வெட்டியது அக்டோபரில், மழை ஈரத்தில். அப்போது மூங்கிலில் வண்டுக்குப் பிடித்த மாச்சத்து மிகுதி என்றார் பாபா. வறண்ட மாதத்தில் வெட்டி, இரண்டு வாரம் தண்ணீரில் அமிழ்த்திப் பிறகு உலர்த்த வேண்டுமாம். அவருக்குத் தெரிந்த மீன்குட்டை ஒன்று இருக்கிறது. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை போகிறோம், இந்தமுறை மகளும் வருகிறாள். எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் அடி என்பதை வெட்டும்போதே கரியால் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பெட்டியின் சுவரில் கோடு இன்னும் விழவில்லை. ஆணிக் கீறலை ஒட்டி இரண்டு இடத்தில் மட்டும் பழுப்புப் புள்ளி. துடைத்து வைத்துவிட்டேன், தேய்க்கவில்லை.